ராணுவ ஏட்டில் ஒரு பிழை

காமர்ஸ் படிக்கிற யாரும் 'பிழைத் திருத்தம்' என்ற பாடத்தைத் தாண்டாமல் வர முடியாது. தேர்வில் எப்படியும் ஒரு கணக்கு வந்துவிடும் என்பதால் அதை யாரும் சாய்ஸில் விடுவதும் இல்லை. அந்தப் பாடத்தின் முதல் விதி ரொம்ப சிம்பிள். ஏட்டில் ஒரு பதிவு தவறாகிவிட்டால் அதைச் சுரண்டக் கூடாது, மேலே வெள்ளை பூசி மறைக்கவும் கூடாது. தவறு அப்படியே இருக்கட்டும். அதைச் சரிசெய்ய இன்னொரு பதிவு போட வேண்டும். அதுதான் திருத்தப் பதிவு.

கம்பெனி ஏட்டில் தப்பு என்றால் இரண்டு வரியில் வேலை முடிந்துவிடும். அதே தப்பு ஒரு மனிதனின் வாழ்க்கையைப் பதிந்து வைத்திருக்கும் ஏட்டில் நடந்தால்? அந்த ஏடு ராணுவத்தின் கையில் இருந்தால்? அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம், வாரியம், படிவம் எல்லாம் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரே ஒரு வரியைத் திருத்த அறுபது வருடம், தொண்ணூறு வருடம் ஆன கதைகளும் அங்கேதான் இருக்கின்றன. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

முதலில் அந்த ஏடு எது என்று தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்கப் படைகளில் பணி முடித்து வெளியே வருகிறவருக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். அதன் படிவ எண் டி.டி. 214. 1950 முதல் புழக்கத்தில் இருக்கிறது. சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, கடைசியாக வகித்த பதவி, செய்த வேலை, வாங்கிய பதக்கங்கள், என்ன காரணத்துக்காக விடுவிக்கப்பட்டார், எந்த வகையில் விடுவிக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஒருவர் எங்கெங்கோ போய்ச் செய்த வேலையெல்லாம் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

ஆனால் அந்தத் தாளுக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானதல்ல. வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சிகிச்சை, கல்லூரிப் படிப்புக்கு உதவி, அரசு வேலையில் முன்னுரிமை, செத்த பிறகு தேசியக் கல்லறையில் ஆறடி இடம்... எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுவது அதுதான். அதிலும் 'எந்த வகை விடுவிப்பு' என்ற கட்டம் உயிர்நாடி. கௌரவமான விடுவிப்பு என்றிருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். அதற்கு ஒரு படி கீழே 'பொது விடுவிப்பு' என்று இருக்கிறது. கேட்பதற்குக் குற்றமில்லாத மாதிரிதான் இருக்கும், ஆனால் படிப்புக்கான உதவி அதோடு போய்விடும். இன்னும் கீழே போகப் போக ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வரும். கடைசிப் படி, ராணுவ நீதிமன்றத் தண்டனையாக வரும் 'அவமான விடுவிப்பு'. அதை வாங்கியவர் படைவீரராக இருந்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

இந்த ஏட்டில் என்னென்ன பிழை வரும்? பாடப்புத்தகத்தின் வகைகளே இங்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

முதலாவது, செய்பிழை. எழுதும்போது தவறாக எழுதுவது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், பணியில் சேர்ந்த வருடத்தில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். இதற்கு மருந்து சுலபம். அந்தந்தப் படையின் ஆவணப் பிரிவுக்கு ஆதாரத்தோடு எழுதினால், டி.டி. 215 என்ற இன்னொரு தாள் கொடுப்பார்கள். பழைய 214இல் கை வைக்க மாட்டார்கள். இன்ன கட்டத்தில் இப்படி இருப்பதை இப்படி வாசிக்கவும் என்று 215 சொல்லும். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். பாடத்தில் படித்த அதே திருத்தப் பதிவுதான், இடம்தான் வேறு!

இரண்டாவது, விடுபிழை. எழுத வேண்டியதை எழுதாமல் விடுவது. போர்முனைக்குப் போயிருப்பார், போன குறிப்பு இருக்காது. காயம் பட்டிருப்பார், அதற்கான பதக்கம் பட்டியலில் ஏறியிருக்காது. போர் நடக்கிற இடத்தில் எழுத்தர் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே விடுபடுவது சகஜம்.

ஆனால் விடுபிழைகளுக்கெல்லாம் தாய் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 1973 ஜூலை 12 அன்று நடந்தது. மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லேண்ட் என்ற ஊரில் தேசியப் பணியாளர் ஆவண மையம் இருந்தது. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அதன் ஆறாவது மாடியில் தீ பிடித்தது. முழுதாக அணைக்க நாலைந்து நாள் ஆனது. எரிந்துபோன கோப்புகள் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போய்விட்டது. அதாவது இரண்டு உலகப்போர், கொரியப் போர் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வந்துவிடுகின்றன. விமானப்படையில் 1947 முதல் 1964 தொடக்கம் வரையிலான கோப்புகளில் 75 சதவீதம் போனது. அதிலும் ஒரு வேடிக்கை. அகர வரிசையில் 'ஹப்பர்ட், ஜேம்ஸ் இ.' என்ற பெயருக்குப் பின்னால் வருகிற விமானப்படைக்காரர்களின் கோப்புகள்தான் எரிந்தன. அதற்கு முன்னால் வருகிற பெயர்காரர்கள் தப்பித்தார்கள். ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து அவருடைய பென்ஷனைத் தீர்மானிக்கும் என்று எந்த ஜோசியர்காரரும் சொல்லியிருக்க மாட்டார் :-)

எரிந்த கோப்புகளுக்கு நகல் கிடையாது. மைக்ரோஃபிலிம் எடுத்து வைக்கவில்லை. என்னென்ன இருந்தது என்று ஒரு பட்டியல்கூட இல்லை. அப்புறம் என்ன செய்தார்கள்? மீதி இருக்கும் இடங்களில் தேடினார்கள். கடைசிச் சம்பளப் பட்டியல், மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு, பென்ஷன் துறையில் தனியாக இருந்த ஃபைல், ஒவ்வொரு கம்பெனியும் அன்றாடம் அனுப்பிய 'காலை அறிக்கை' (யார் விடுப்பில், யார் ஆஸ்பத்திரியில், யார் புதிதாக வந்தார் என்று அதில் இருக்கும்) இவற்றை வைத்து ஒரு மனிதனின் பணிக்காலத்தைத் திரும்பக் கட்டினார்கள். தண்ணீரில் ஊறி ஓரம் கருகிப் பிழைத்த சுமார் 65 லட்சம் கோப்புகளையும் காயவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். கணக்கு ஏடு தொலைந்துபோனால் வவுச்சரையும் பேங்க் பாஸ்புக்கையும் வைத்து ஏட்டைத் திரும்ப எழுதுவார்களே, அதே வேலைதான். வவுச்சரில் முக்கியமானதும் சம்பளப் பட்டியல்தான். காசு கொடுத்த இடத்தில் கட்டாயம் கையெழுத்து இருக்குமே!

மூன்றாவது, விதிப்பிழை. இது கொஞ்சம் சூட்சுமமானது. எழுத்துப்பிழை இருக்காது, எதுவும் விட்டும் போயிருக்காது, கூட்டலும் சரியாக இருக்கும். ஆனால் பதிவு செய்த கொள்கையே தப்பு. மூலதனச் செலவை வருவாய்ச் செலவில் எழுதுகிற மாதிரி.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பலர் தூங்க முடியாமல், குடித்து, சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போய் மாட்டிக்கொண்டார்கள். ஒழுங்கீனம் என்று எழுதி மோசமான விடுவிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைய விதிப்படி அது சரியான பதிவு. போரின் அதிர்ச்சி மனதில் ஏற்படுத்தும் காயத்துக்கு இன்று நாம் சொல்கிற பெயரே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல்தான் ஏறியது. அதற்கு முன்னால் வெளியே அனுப்பப்பட்டவரின் கோப்பில் அந்த நோயின் பெயர் எப்படி இருக்கும்? நோய் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று அவரிடம் கேட்டால் அவர் எங்கே போவார்? 2014 செப்டம்பரில்தான் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், இப்படிப்பட்ட மனுக்களைத் தாராள மனதோடு பரிசீலியுங்கள் என்று வாரியங்களுக்குக் குறிப்பு அனுப்பினார். நோய்க்குப் பெயர் வைத்து 34 வருடம் கழித்து!

ஓரினச்சேர்க்கையாளர் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர்களின் கதையும் இதே வகைதான். அவர்களைத் தடுத்த சட்டம் 2011இல் போய்விட்டது. ஆனால் அவர்கள் கையில் இருந்த தாள் தானாக மாறவில்லை.

சரி, திருத்துவதற்கு வழி என்ன?

1946க்கு முன்னால் இருந்த வழியைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு சிப்பாயின் ஆவணத்தில் உள்ள தப்பைத் திருத்த நாடாளுமன்றத்தில் அவர் ஒருவருக்காக ஒரு தனி மசோதா கொண்டுவர வேண்டும்! யாராவது ஓர் உறுப்பினரைப் பிடித்து, அவர் மனமிரங்கி, மசோதா கமிட்டியைத் தாண்டி, ஓட்டெடுப்பில் தேறி... 1946இல் நாடாளுமன்றத்தைச் சீரமைக்கும் சட்டம் ஒன்று வந்தது. இந்தத் தனி மசோதாக்கள் இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, அந்த வேலையை ராணுவத் துறைகளிடமே கொடுத்தது. அப்படித்தான் ராணுவ ஆவணத் திருத்த வாரியங்கள் பிறந்தன. இவற்றில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் சீருடைக்காரர்கள் அல்ல, சிவிலியன்கள்.

இப்போது உள்ள வழி இது. விடுவிப்பின் வகையை மட்டும் உயர்த்திக் கேட்பதென்றால் பதினைந்து வருடத்துக்குள் விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு மனுப்போடலாம். படிவம் டி.டி. 293. மற்ற பிழைகளுக்கும், பதினைந்து வருடம் தாண்டியவர்களுக்கும் ஆவணத் திருத்த வாரியம். படிவம் டி.டி. 149. பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் மனுப்போட வேண்டும் என்பது விதி, ஆனால் நியாயம் கருதி வாரியம் அதைத் தளர்த்தலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வாரியம் ஒரு நம்பிக்கையோடுதான் ஃபைலைத் திறக்கும். அரசு அலுவலகம் தன் வேலையை முறைப்படிதான் செய்திருக்கும் என்பதே அந்த நம்பிக்கை. இல்லை என்று நிரூபிப்பது மனுப்போட்டவர் பொறுப்பு. எழுதியது ராணுவம், ஏட்டை வைத்திருப்பது ராணுவம், ஏடு எரிந்தது அரசுக் கட்டடத்தில். ஆதாரம் கொண்டுவர வேண்டியது மட்டும் அந்தக் கிழவர்!

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாங்காத பதக்கத்தை வாங்கியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அமெரிக்காவில் நிறைய. அதைத் தடுக்கவே 2006இல் ஒரு சட்டம் வந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் அதைத் தள்ளியது. 2013இல் வேறு வடிவில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் உடனே திருத்திக் கொடுத்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். உண்மையாகவே காயம்பட்டவருக்குத்தான் அது முதல் நஷ்டம். ஆகவே ஆதாரம் கேட்பது தப்பில்லை. அதைத் தேடித் தருவதில் ஏட்டை வைத்திருப்பவருக்கும் பங்கு வேண்டாமா என்பதுதான் கேள்வி.

கணக்கில் கடைசியாக ஒரு வகைப் பிழை உண்டு. இருப்பாய்வு அழகாகச் சமன் ஆகிவிடும், ஆனாலும் உள்ளே தப்பு இருக்கும். இதற்கு இரண்டு பேரின் கதை போதும்.

ஹென்றி ஃப்ளிப்பர் 1856இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1877இல் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர். 1881இல் டெக்சாஸில் உள்ள டேவிஸ் கோட்டையில் உணவுப்பொருள் பிரிவின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பணம் குறைந்தது. குறைவதைத் தெரிந்துகொண்டவர் மேலதிகாரியிடம் மறைத்தார். அது அவர் செய்த தப்பு. ஊர்க்காரர்கள் சில நாட்களில் பணத்தைத் திரட்டிக் கட்டிவிட்டார்கள். ராணுவ நீதிமன்றம் அவர் கையாடல் செய்யவில்லை என்று விடுவித்தது. ஆனால் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லிப் பதவிநீக்கம் செய்தது. ராணுவத்தின் தலைமைச் சட்ட அதிகாரியே இவ்வளவு தண்டனை வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அதிபர் ஆர்தர் கேட்கவில்லை. 1882 ஜூன் 30 அன்று ஃப்ளிப்பர் வெளியே அனுப்பப்பட்டார்.

அதன் பிறகு அவர் சிவில் எஞ்சினியராக நன்றாகவே வாழ்ந்தார். ஆனால் அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. 1898 முதல் திரும்பத் திரும்ப நாடாளுமன்றத்தில் தனி மசோதாவுக்கு முயன்றார். ஒன்றும் தேறவில்லை. 1940இல் இறந்துபோனார். வாரியங்களை உருவாக்கிய சட்டம் வந்தது ஆறு வருடம் கழித்து. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரும் ஃப்ளிப்பரின் உறவினர்களும் மனுப்போட, 1976இல் தரைப்படை வாரியம் அவருக்குக் கௌரவமான விடுவிப்பு கொடுத்தது. அதில் போட்ட தேதி 1882 ஜூன் 30! தண்டனைத் தீர்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதை 1999இல் அதிபர் கிளின்டன் மன்னித்தார்.

இரண்டாவது, சாமுவேல் ஸ்நோ. 1944 ஆகஸ்டில் சியாட்டில் நகரின் லாட்டன் கோட்டையில் கறுப்பினச் சிப்பாய்களுக்கும் அங்கே இருந்த இத்தாலியப் போர்க் கைதிகளுக்கும் கலவரம் நடந்தது. குலியெல்மோ ஒலிவோட்டோ என்ற கைதி தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். 43 கறுப்பினச் சிப்பாய்கள் மீது ஒரே வழக்கு. அத்தனை பேருக்கும் சேர்த்து வக்கீல்கள் இரண்டே பேர். 28 பேருக்குத் தண்டனை. வழக்கை நடத்திய அரசு வக்கீல் லியோன் ஜவோர்ஸ்கி, பின்னாளில் வாட்டர்கேட் வழக்கில் பேர் வாங்கியவர். புலன்விசாரணை எவ்வளவு மோசம் என்று ராணுவமே தயாரித்த ரகசிய அறிக்கை ஒன்று அவர் கையில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அதைக் காட்டவில்லை. ஸ்நோ சிறைக்குப் போனார், அவமான விடுவிப்போடு வெளியே வந்தார். ஃபைல் முழுக்கக் கையெழுத்து, முத்திரை, தீர்ப்பு எல்லாம் முறைப்படி இருந்தன. இருப்பாய்வு பக்காவாக டேலி!

ஜாக் ஹாமன் என்ற பத்திரிகையாளரும் அவர் மனைவியும் பழைய ஆவணங்களைத் தோண்டி அந்த ரகசிய அறிக்கையை எடுத்தார்கள். 2005இல் புத்தகமாக வந்தது. 2007 அக்டோபரில் ராணுவ வாரியம், விசாரணை அடிப்படையிலேயே நியாயமற்றது என்று சொல்லி, மனுப்போட்டவர்களின் தண்டனையை ரத்து செய்தது. 28 பேரில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த ஸ்நோவுக்குச் சிறையில் இருந்த காலத்துக்கான சம்பள பாக்கி என்று ஒரு செக் வந்தது. தொகை 725 டாலர்.

725 டாலர்! அன்றைய சம்பளம், அன்றைய கணக்கு, வட்டி பூஜ்யம். ஆண்டுக்கு 4 சதவீதம் கூட்டுவட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலே 62 வருடத்தில் அது 8,250 டாலரைத் தொடும். யாருக்காவது நாம் 725 டாலர் தர வேண்டியிருந்து, 62 வருடம் கழித்து அதே 725ஐ நீட்டினால் வாங்கிக்கொள்வார்களா? செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 2008 அக்டோபரில் வட்டியும் சேர்த்துக் கொடுக்கச் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே, அந்த வருடம் ஜூலை 26 அன்று, சியாட்டிலில் விழா வைத்து ராணுவம் மன்னிப்புக் கேட்டது. அதற்காக ஃபுளோரிடாவிலிருந்து வந்த ஸ்நோ உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் மகன்தான் மேடையில் கௌரவ விடுவிப்பை வாங்கினார். அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினார். சில மணி நேரத்தில் ஸ்நோ இறந்துபோனார்.

வட்டியாவது சட்டம் போட்டால் கிடைத்துவிடும். அவமான விடுவிப்பால் அவர் சேர முடியாமல் போன கல்லூரி, வாங்க முடியாமல் போன வீடு, கிடைக்காமல் போன வேலை, இதையெல்லாம் எந்தக் கணக்கில் வரவு வைப்பது? இருப்பாய்வில் வித்தியாசம் வந்தால், பிழை தெரிகிற வரைக்கும் அந்தத் தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்பார்கள். தொகையை அப்படி நிறுத்தி வைக்கலாம். வயதை நிறுத்தி வைக்க முடியாது.

கணக்கு ஏட்டில் பிழை செய்தது யாரோ அவரே கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். பற்று எழுதப்பட்ட வாடிக்கையாளர் ஆதாரம் தேடி அலைய வேண்டும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. இதைப் பெரிய அரசாங்கத்தாலும் செய்ய முடியும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் சமீபத்தில் கிடைத்தது. பழைய தடைச் சட்டத்தால் வெளியே அனுப்பப்பட்ட ஓரினச்சேர்க்கையாளர்களின் கோப்புகளை, அவர்கள் மனுப்போடக் காத்திராமல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தானாகவே எடுத்துப் பார்த்தது. 2024 அக்டோபரில் 800க்கும் மேற்பட்டவர்களின் விடுவிப்பு உயர்த்தப்பட்டதாக அறிவித்தது. கௌரவமாக விடுவிக்கப்பட்டிருக்க வேண்டியவர்களின் மொத்தக் கணக்கில் இது சொற்பம்தான். ஆனால் ஏட்டை வைத்திருந்தவரே பிழையைத் தேடிப் போட்ட திருத்தப் பதிவு அது. 1898இலேயே யாராவது அப்படிச் செய்திருந்தால் ஃப்ளிப்பர் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார்.